செயின்ட் பாசில் தீவில் நான் ஜெயித்த பொதுத் தேர்தல்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
மார்ச் 1987

நம் சபைக் கமிட்டியின் செயலாளராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள என் மைத்துனர் திரு. சாந்தகுமார் அவர்களுக்கு, தங்கள் அக்காள் எலிசாவின் கணவனும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுமாகிய கிருபைராஜ் வாழ்த்துதல் கூறி எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே உன் அக்காளும், மகள் ஜெயசெல்வியும், மருமகன் ரூஃபஸும், பேத்தியும், மூக்கு நுனி நீங்கலாக நானும் சுகம். மூக்கு நுனி குளிரில் உணர்ச்சியற்று இருக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டாரும் இருமல், மூட்டுவலி, தண்ணீர்க் கஷ்டம் எதுவுமின்றி இருக்க ஜெபிக்கிறேன். பதவிக்கு மரியாதையாக ஒரு தடவை 'அவர்கள்' போட்டாயிற்று. இனிமேல் கடிதம் முடியும் வரை நீதான்.

உன் கடிதம் கிடைத்தது. அதன் கடைசி வரியில், 'அத்தான், உங்களுக்குத் தேர்தல் ராசி கிடையாது, பேசாம அமெரிக்காவில் ரெஸ்ட் எடுங்க' என்று எழுதியிருந்தாய். நான் உடனே பதில் போடவில்லை. போடுவதற்கு விஷயம் இல்லை. சபைக் கமிட்டிக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றவன் நான். ஆசிரியர் சங்கத்தில் தோற்றேன். கூட்டுறவுப் பண்டகசாலைத் தேர்தலில் என்னை எதிர்த்து நின்ற ஒரே ஆளும் வாக்குப்பதிவுக்கு முன்பே இறந்துபோனார், அவருக்குப் பதிலாக அவசரத்தில் நிறுத்தப்பட்ட அவர் மகனிடம் தோற்றேன். இந்தத் தேர்தல்களில் எல்லாம் உன் அக்காள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். ஆனால் இப்போது எழுத விஷயம் இருக்கிறது. தம்பி, நான் தேர்தலில் ஜெயித்துவிட்டேன். சபைத் தேர்தலோ சங்கத் தேர்தலோ அல்ல, ஒரு தேசத்தின் பொதுத் தேர்தல். தேசம் கொஞ்சம் சின்னது. ஆனாலும் தேசம்.

அதன் பெயர் செயின்ட் பாசில். கரீபியன் கடலில் இருக்கிறது. பேத்தியின் பள்ளிக்கூட அட்லஸில் ரூஃபஸ் தேடித் தேடி, கடைசியில் அச்சுப்பிழை மாதிரி இருந்த ஒரு புள்ளியைக் காட்டினார். இங்கிலாந்து ராணியின் ஆளுகைக்கு உட்பட்டது, கவர்னர் வெள்ளைக்காரர். மற்றபடி முதலமைச்சர் உண்டு, சட்டசபை உண்டு, சபையில் ஏழு உறுப்பினர்கள் உண்டு, நீலக் கட்சி, மஞ்சள் கட்சி என்று இரண்டு கட்சிகள் உண்டு. ஊரில் ஒருவருக்கொருவர் சொந்தம், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. இதைக் கேட்டதுமே எனக்கு அந்த தேசத்தின் மேல் ஒரு பற்று வந்துவிட்டது. நம் சபையைக் கடல் நடுவில் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

இந்த தேசத்தை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் உன் அக்காள். நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் அடித்தளத்தில் லாண்டரி ரூம் என்று ஒன்று இருக்கிறது, எல்லா வீட்டுத் துணியும் அங்கேதான் சுற்றும். ஒரு நாள் அங்கே ஒரு கறுப்பினப் பெண்மணி துணி மடித்துக்கொண்டே ஒரு ஞானப்பாட்டை இங்கிலீஷில் பாடியிருக்கிறாள். ராகம் தெரிந்த ராகம். உன் அக்காள் சும்மா இருப்பாளா, அதே பாட்டைத் தமிழில் எடுத்து இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டாள். நான் சோப்புத்தூள் கொடுக்கப் போனபோது இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தில் இருந்தார்கள், மிஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அந்தப் பெண்மணிதான் மார்வா, எங்களுக்குக் கீழ் வீடு. கணவர் பெயர் அம்புரோஸ் என்றதும் நம் பக்கத்து ஆளோ என்று நான் எழுந்து உட்கார்ந்தேன். இல்லை, செயின்ட் பாசில் தீவுக்காரர், இங்கே யுனிவர்சிட்டி பஸ் ஓட்டுகிறார். நல்ல உயரம், நல்ல குரல், எந்த விஷயத்தையும் மேடையில் சொல்வது போலத்தான் சொல்வார். ஜனவரியில் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு, நீலக் கட்சி வேட்பாளராகத் தன் ஊர்த் தொகுதியில் நிற்கப் புறப்பட்டுப் போனார். எதிராளி அவருடைய பெரியப்பா மகன் தியோடர், மஞ்சள் கட்சி. பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

தொகுதியில் மொத்தமே நானூறு சொச்சம் ஓட்டு. அதில் ஒரு பங்கு, பிழைப்புக்கு வந்து நியூ ஜெர்சியில் குடியிருக்கிறது. பட்டியலில் பேர் இருக்கிறவர்கள் நேரில் போனால் ஓட்டுப் போடலாம். அதற்காக நீலக் கட்சி ஒரு சின்ன விமானத்தை அமர்த்திவிட்டது, அதை நிரப்பும் பொறுப்பை மார்வாவிடம் விட்டது. மார்வா நல்லவள், ஆனால் ஓட்டுக் கேட்கத் தெரியாதவள். போனை எடுத்து, "வருவியா, வரமாட்டியா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டால் யார் வருவார்கள்? ஒரு நாள் எங்கள் வீட்டில் டீ குடிக்கும்போது, பாதிப் பேர் கூட வரப்போவதில்லை என்று அழுதுவிட்டாள். உன் அக்காள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எத்தனை வருஷமாக எதிர்பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. "யார் யாருக்கு யார் மேல கோபம், அதை முதல்ல சொல்லும்மா" என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ரூஃபஸ் எதிர்த்தார். மருந்துக் கம்பெனியில் இருப்பவர், கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர், தபால்காரர் வந்தாலே முகம் வெளுத்துவிடும். "மாமா, நீங்க விசிட்டர் விசால வந்திருக்கீங்க. இன்னொரு கன்ட்ரி எலெக்ஷன்ல போய் இன்வால்வ் ஆனா இமிக்ரேஷன்ல என்ன சொல்வாங்க?" என்றார். "அப்பா, ப்ளீஸ், டிவி பாருங்களேன்" என்று ஜெயசெல்வி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். டிவியில் ஒரு பெண்மணி காலை முதல் மாலை வரை ஒரே கணவனை விவாகரத்து செய்துகொண்டிருந்தாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோட்டு ரூஃபஸுடையது, அதனால் அவருக்கும் இதில் பங்கு உண்டு என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

நான் செய்தது வேறொன்றுமில்லை, நம் ஊரில் செய்ததைத்தான். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவருக்குக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை, ஒருவருக்கு அம்புரோஸின் அப்பா கொடுத்த ஆடு நொண்டியாக இருந்தது, ஒருவருக்கு என்ன கோபம் என்றே மறந்துவிட்டது, கோபம் மட்டும் இருந்தது. எல்லாருக்கும் அம்புரோஸ் குடும்பத்தின் சார்பில் தலை குனிந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு மனுஷன், ரூஃபஸின் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க, வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டால் யாருக்கும் கதவைச் சாத்த மனசு வராது. என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது ஒரு வருத்தம்தான், ஆனால் தேர்தலுக்கு நல்லது. வாக்குவாதம் வரவே இல்லை.

பிளெய்ன்பீல்டு என்ற பக்கத்து ஊரில் மட்டும் ஒரு தவறு நடந்தது. ஐவி அம்மாள் என்ற வயதான பெண்மணிக்கு, அம்புரோஸின் அப்பா அடக்கத்தில் தன் பெயரைச் சொல்லி நன்றி கூறவில்லை என்று வருத்தம். உன் அக்காளும் நானும் பஸ் பிடித்துப் போய் மணியை அடித்தோம். கதவைத் திறந்த அம்மாளிடம், "நீண்ட காலமாகத் தங்களுக்கு இழைக்கப்பட்ட அவமரியாதைக்கு அந்தக் குடும்பமே வெட்கப்படுகிறது" என்று மனப்பாடம் பண்ணிவைத்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டே விசும்பி விசும்பி அழுதாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை காலமா காத்திருந்தேன்" என்றாள். இஞ்சி கேக் கொடுத்தாள், உன் அக்காள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள், விமானத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள். திரும்பி வரும்போது உன் அக்காள், "ஏங்க, அந்த வீட்டுச் சுவர்ல தியோடர் படம் மாட்டியிருக்கே" என்றாள். அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், எல்லார் வீட்டிலும் எல்லார் படமும் இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். எனக்கு அப்போது கேக் நினைப்பு.

பயண நாளும் வந்தது. விடியும்போது ஜன்னலைத் திறந்தால் கார்கள் எதையும் காணோம், வெள்ளை மேடுகள்தான் இருந்தன. பனி, தம்பி. முழங்கால் அளவு. நெவார்க் விமான நிலையத்துக்கு ஓட்டர்களை ஏற்றிப் போக ஏற்பாடு பண்ணியிருந்த பஸ் வராது என்று போன் வந்தது. விமானம் புறப்படுமா என்று கேட்டால் மதியத்துக்குள் ஓடுபாதையைச் சுத்தம் பண்ணிவிடுவார்களாம், விமானம் போகும், ஆள்தான் போக முடியாது. மறுபடியும் ஒரு தோல்வி, இந்தத் தடவை வானத்திலிருந்தே இறங்குகிறது என்று நினைத்துச் சோபாவில் உட்கார்ந்தேன். அப்போது கீழே ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மார்வா, நீலச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்தாள். வாரிக்கொண்டிருந்தது அவள் கார் அல்ல, ரூஃபஸின் ஸ்டேஷன் வேகன். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ரூஃபஸ் எனக்குப் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "டர்ன்பைக் ஓப்பனா இருக்கான்னு ரேடியோல கேளுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்ஸைத் தேடப் போனார்.

ஒரு வண்டி போதாது. ரூஃபஸ் தன்னோடு வேலை பார்க்கும் ஜம்புநாதன் என்ற சென்னைக்காரருக்குப் போன் பண்ணினார், அவரிடம் பெரிய வேன் இருக்கிறது. ஜம்புநாதன் எந்த நாடு, எந்தக் கட்சி என்று கூடக் கேட்கவில்லை. "எலெக்ஷனா? ஊரை விட்டு வந்து பத்து வருஷமாச்சு சார், ஒரு எலெக்ஷன் கண்ணால பாக்கல. ஷவல் எடுத்துட்டு இதோ வர்றேன், இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார். இப்படியாக நாலு வண்டி சேர்ந்தது. வீடு வீடாகப் போய் ஓட்டர்களை அள்ளினோம். ஊன்றுகோல் பிடித்தவரை ஜம்புநாதன் பல்லக்கு மாதிரித் தூக்கி வந்தார். நான் முன் வண்டியில், நீலக் கொடியை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு. டர்ன்பைக் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் எங்கள் வண்டி வழுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த மூன்று வண்டியிலிருந்தும் செயின்ட் பாசில் ஜனங்கள் இறங்கி வந்து பாடிக்கொண்டே தள்ளினார்கள். எவருக்கும் சத்தம் போட்டே அறியாத நம் ரூஃபஸ், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "புஷ் பண்ணுங்க, லெஃப்ட்ல, லெஃப்ட்ல, விடாதீங்க" என்று கத்தினார். அவர்களுக்குத் தமிழ் புரிந்தது, இடது பக்கம் சரியாகத் தள்ளினார்கள்.

விமான நிலையத்தில் எல்லாரும் கோட்டைக் கழற்றினார்கள். எல்லாருக்குள்ளும் நீலம் இருந்தது, ஒருத்தியைத் தவிர. எனக்குக் கேக் கொடுத்த அம்மாள் தலை முதல் கால் வரை மஞ்சள். மஞ்சள் கவுன், மஞ்சள் கையுறை, கைப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட மஞ்சள் தொப்பி. கடைசி வண்டியில் வந்தவளை அப்போதுதான் பார்த்த மார்வா அலறாத குறை. அவள் ஐவி அம்மாள் அல்ல, தம்பி, அதே மாடியில் அடுத்த கதவில் இருக்கிற எனிட் அம்மாள், தியோடரின் சொந்தச் சித்தி. அம்புரோஸின் குடும்பத்துக்கும் இவளுக்கும் ஒரு வேலிச் சண்டை, வெகுகாலச் சண்டை. நான் அடக்க வீட்டு நன்றிக்காகக் கேட்ட மன்னிப்பை இவள் வேலிக்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள். "மன்னிச்சேன்னுதானே சொன்னேன். ஓட்டுப் போடறேன்னு சொன்னேனா?" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஐவி அம்மாளோ தன்னை யாரும் வந்து பார்க்கவில்லை என்ற கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மார்வா சொன்னது நியாயம்தான். விமானம் நீலக் கட்சியுடையது, எதிர் ஓட்டை நாமே சுமந்து போய் இறக்குவதா, எனிட்டை இங்கேயே விட்டுவிடலாம், யாராவது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனிட் அம்மாள் கைப்பையை மடியில் வைத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது நம் கடைசிச் சபைத் தேர்தல் ஞாபகம் வந்தது. எனக்கு ஓட்டுப் போடக் கீழத்தெருவிலிருந்து புறப்பட்ட லாரி ரயில்வே கேட் தாண்டியதும் நின்றுபோனதே, உனக்கு நினைவிருக்கும். நான் பதினொரு ஓட்டில் தோற்றேன். லாரி எப்படி நின்றது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த லாரிக்காரருக்கு நீ இப்போது சபைக் கட்டட வேலை கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். வெயிலில் அந்த ஜனங்கள் லாரியைச் சுற்றி நின்றதை நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு அம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். இதை மார்வாவிடம் என் இங்கிலீஷில் சொன்னேன். "அம்மா, இவங்கள அழைச்சது நான். தப்பு என் தப்பு. ஆனா ஓட்டுப் போட உடுத்திக் கிளம்பினவங்கள வழியில இறக்கிவிட்டு ஜெயிக்கிற எலெக்ஷன் எனக்கு வேண்டாம். அப்படி ஜெயிக்கிறதுன்னா எனக்குத் தோத்தே பழக்கம்" என்றேன். முதன்முதலாக என் இங்கிலீஷ் இந்த நாட்டில் ஒருவருக்கு முழுசாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். மார்வா என்னையே பார்த்தாள். பிறகு எனிட் அம்மாளின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, "ஜன்னலோரத்துல உட்காரு, கடலைப் பார்த்தாவது உனக்குப் புத்தி வரட்டும்" என்றாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக உள்ளே போனார்கள்.

முடிவு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது போனில் வந்தது. மார்வாவின் குரலைவிடப் பின்னால் அடித்த மேளத்தின் சத்தம்தான் அதிகம் கேட்டது. அம்புரோஸ் ஜெயித்துவிட்டார். எத்தனை ஓட்டில் என்று கேட்டேன். இரண்டு ஓட்டில். தம்பி, இரண்டு. பனியில் நாங்கள் ஒரு வண்டியை விட்டிருந்தாலும் அந்த இரண்டு கிடையாது. அது மட்டுமல்ல, மற்ற ஆறு இடங்களில் கட்சிக்கு மூன்று மூன்றாகப் போய்விட, அம்புரோஸின் ஓர் இடத்தில் நீலக் கட்சிக்கு ஆட்சி வந்துவிட்டது. எனிட் அம்மாள் யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, வேலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாளாம். அப்புறம் அம்புரோஸ் போனை வாங்கி, "தலைமையாசிரியரே, இந்த அரசாங்கம் உங்க அரசாங்கம்" என்றார், அவருடைய மேடைக் குரலில். நான் போனை உன் அக்காளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அன்று மாலை ஜம்புநாதன் வீட்டில் விருந்து. விருந்துக்கு வந்த யாருக்கும் செயின்ட் பாசிலில் ஒரு பிடி மண் கிடையாது, ஆனாலும் எலெக்ஷன் ஜெயித்த வீடு மாதிரி இருந்தது. எனக்குக் கலர் பேப்பரில் மாலை கட்டிப் போட்டார்கள். ரூஃபஸ் எழுந்து, பனியில் வண்டி சுற்றிய கதையை மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் வண்டி கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஜெயசெல்வி என் தோளில் சாய்ந்து, "சாரிப்பா, உங்கள டிவி பாக்கச் சொன்னேன்" என்றாள். உன் அக்காள் எல்லார் முன்னிலையிலும் என் மாலையைச் சரிசெய்துவிட்டாள். நான் இதுவரை எத்தனையோ பேருக்கு மாலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காகிதமானாலும் கழுத்தில் விழும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

ஆகவே, சபைக் கமிட்டிச் செயலாளரே, எனக்குத் தேர்தல் ராசி உண்டு. அது உள்ளூரில் வேலை செய்யாது, அவ்வளவுதான். உன் வீட்டாருக்கும், சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், கீழத்தெரு ஜனங்கள் எல்லாருக்கும் என் அன்பைச் சொல். உன் பதவிக்காலம் சமாதானமாக நடக்கவும், கணக்குப் பார்ப்பவர்கள் உன்மேல் தயவாக இருக்கவும், உன் பிள்ளைகள் உன்னைவிட நேர்மையாக வளரவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
கிருபைராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மார்வா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் கதவைத் தட்டவில்லை, குத்தினாள். அம்புரோஸ் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு மஞ்சள் கட்சிக்குப் போய்விட்டாராம். அவருக்குப் பொதுப்பணி, மீன்வளம் இரண்டும் கொடுத்து மந்திரி ஆக்கியிருக்கிறார்கள். பழைய மஞ்சள் கட்சி முதலமைச்சரே மறுபடியும் முதலமைச்சர். தோற்றுப்போன தியோடரையும் ஏதோ வாரியத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள். மொத்தத்தில் அந்த தேசத்தில் ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் எல்லாருக்கும் பதவி கிடைத்துவிட்டது, நீலக் கட்சிக்கு மட்டும் ஆட்சி இல்லை. இதை மார்வா சொல்லி முடித்ததும் உன் அக்காள்தான் டீ போட்டுக் கொடுத்தாள். மார்வா குடித்து முடித்து, கப்பை வைத்துவிட்டு, அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் புருஷனை எதிர்த்துத் தானே நிற்கப் போவதாகச் சொன்னாள். எனிட் அம்மாள் மஞ்சள் தொப்பியைக் கடலில் எறிந்துவிட்டு அவளுக்கு முன்மொழியச் சம்மதித்திருக்கிறாளாம். ஏஜெண்ட் நான்தான். இது எப்படி முடியுமோ என்று நான் ரூஃபஸைப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா, உங்க விசா எக்ஸ்டென்ஷனுக்கு நாளைக்கே அப்ளை பண்ணிடலாம். இந்தத் தடவை வண்டிக்கு ஸ்நோ டயர் போட்டுக்குவோம்" என்றார்.